பாப்பாவின் சம்மதம் கேட்டு

சதுரங்கப்பட்டினம்
5 ஜனவரி 2025

அன்பு மகள் ரெஜினாவுக்கு,

நைனா எழுதுவது. முதலில் இந்தக் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். சில எழுத்து கோட்டுக்கு மேலே ஏறிவிடுகிறது, சில எழுத்து கீழே தொங்குகிறது. 'ழ' போடும்போது எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் கை சுற்றிக்கொண்டே போகிறது. மண்வெட்டி பிடித்த கைக்குப் பேனா ரொம்ப லேசாக இருக்கிறது. அதனால் அழுத்திவிடுகிறேன், தாள் கிழிந்துவிடுகிறது.

ஆமாம் ரெஜி, நானேதான் எழுதுகிறேன். பக்கத்தில் யாரும் இல்லை. இதைப் படிக்கும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்து எனக்கே சிரிப்பு வருகிறது. கவர் மேல் இங்கிலீஷ் விலாசம் மட்டும் ஜெகதாம்பாள் டீச்சர் எழுதியது. கல்பாக்கத்தில் ஆபீஸ் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். சாயங்காலம் நூலகத்து வராந்தாவில் எங்களுக்குச் சொல்லித் தருகிறார். வகுப்பில் எல்லோரும் பெண்கள், நான் ஒருவன்தான் ஆண். "இன்னா அண்ணாத்த, கலெக்டர் பரீட்சைக்கா படிக்கிற?" என்று கேலி செய்கிறார்கள். "பாஸாயி வந்து உங்களுக்கெல்லாம் பட்டா குடுக்கறேன்" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நான் முதலில் படித்தது எது தெரியுமா? நம் வீட்டு எவர்சில்வர் கிண்ணம். உங்க அம்மா எந்தப் பாத்திரம் வாங்கினாலும் கடையிலேயே பேர் வெட்டி வாங்குவாளே. புள்ளி புள்ளியாக இருக்கும். இத்தனை வருடம் அதைத் தடவிப் பார்த்துத்தான் நம் பாத்திரம் என்று தெரிந்துகொண்டேன். இப்போது படித்தேன். பாப்பா என்று இருந்தது. எல்லாக் கிண்ணத்தையும் எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன்.

நீ அவள் குரலில் செய்து கொடுத்த 'உரக்க' அவள் போனில் இருக்கிறது. எழுத்துக்கு நேராகக் காட்டினால் அவள் குரலில் படிக்கிறதே, அது. போன வாரம் என் கையெழுத்தைக் காட்டினேன். "எழுத்து எதுவும் தெரியவில்லை" என்றது. அவளே சொன்ன மாதிரி இருந்தது.

இன்னொரு விஷயம். அந்தப் போனில் ஒரு மெயில் வந்தது. 'அன்புள்ள பாப்பா சின்னராசு அவர்களுக்கு, உரிமத்தை மாற்ற உங்கள் சம்மதம் தேவை' என்று இருந்தது. படிக்க ஒரு மதியம் முழுக்க ஆனது. ஒருவர் மதித்துக் கேட்டால் பதில் சொல்ல வேண்டாமா? நானும் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்து அனுப்பினேன். 'பாப்பா இல்லை. மூன்று வருடம் ஆகிறது. நான் அவள் வீட்டுக்காரர். எனக்கு இப்போது படிக்கத் தெரியும்.' அது சரிதானா? உரிமம் என்றால் லைசென்ஸாம், டீச்சர் சொன்னார். எனக்குத் தெரிந்த லைசென்ஸ் வண்டி ஓட்ட வாங்குவது. உங்க அம்மா எந்த வண்டியை ஓட்டினாள்?

போனில் பேசினால் சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், குளிரா, குளிர்தான் என்று முடிந்துவிடுகிறது. தாளில் எழுதினால் இவ்வளவு வருகிறது. நீயும் தாளில் எழுது. கர்த்தர் உன்னைக் குளிரில் காக்கட்டும்.

நைனா
சின்னராசு


உத்ரெக்த், நெதர்லாந்து
24 ஜனவரி 2025

அன்பு நைனாவுக்கு,

உன் ரெஜி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். நீ முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாயா?

கடிதத்தைப் பிரித்து அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். மாடி வீட்டுக்காரர் ஏதாவது கெட்ட செய்தியா என்று கேட்டார். என் அப்பா எழுதியிருக்கிறார் என்றேன். அதில் என்ன அதிசயம் என்பது போலப் பார்த்துவிட்டுப் போனார். யாரிடம் சொல்லிச் சந்தோஷப்படுவது என்று தெரியாமல் அதையே மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த மெயிலுக்கு மன்னித்துவிடு. உரக்கவுக்கு ஏதாவது கொடுத்தவர் எல்லோருக்கும் ஒரே மெயில் தானாகப் போகும்படி வைத்தேன். குரல் கொடுத்தவர் என்று அம்மா பேரும் அதில் இருந்தது. நான் கவனிக்கவில்லை. உன் பதிலும் எனக்கு மட்டுமல்ல, குழுவில் இருக்கும் அத்தனை பேருக்கும் போய்விட்டது. வாரக்கணக்கில் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் அதற்குப் பிறகு இரண்டு நாள் யாரும் வாயைத் திறக்கவில்லை.

என்ன சண்டை என்று சொல்கிறேன். உரக்கவை நான் மட்டும் செய்யவில்லை. செங்கல்பட்டு ஷபானாவும் இன்னும் சிலரும் சம்பளம் இல்லாமல் ஆளுக்குக் கொஞ்சம் எழுதிச் சேர்த்தது. இப்படிப் பொதுவில் வைக்கிற சாஃப்ட்வேருக்கு ஓர் உரிமம் எழுதி வைக்க வேண்டும். எடுப்பவர் என்ன செய்யலாம் என்று அது சொல்லும். அன்று நான் போட்ட உரிமம் ரொம்பத் தாராளமானது. எடுத்துக்கொள், என்ன வேண்டுமானாலும் செய்துகொள், செய்தவர்கள் பேரை மட்டும் எடுத்துவிடாதே. அவ்வளவுதான். அம்மாவைக் கேட்டுத்தான் போட்டேன். "எதுனா ஒண்ண போடுடி, அதுக்குப் போயி என்ன எழுப்பிகினு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இப்போது ஒரு கம்பெனி உரக்கவை எடுத்து, மேலே என்னென்னவோ சேர்த்து, பூட்டி விற்கிறது. சென்னையில் ஒரு துணிக்கடை லிஃப்டில் அம்மா "மூன்றாம் தளம்" என்கிறாள். தோழி ஒருத்தி வீடியோ அனுப்பினாள். அம்மா வாழ்க்கையில் மூன்றாம் தளம் ஏறினதுண்டா? போட்டிருந்த ஒரே நிபந்தனையையும் அவர்கள் மதிக்கவில்லை. ஒருவர் பேரும் இல்லை.

அதனால் இனிமேல் வேறு உரிமம் போட வேண்டும் என்கிறேன். எடுத்துக்கொள், ஆனால் நீ சேர்த்ததையும் இதே மாதிரி எல்லோருக்கும் திறந்து கொடு என்கிற உரிமம். ஷபானா வேண்டாம் என்கிறாள். கண் தெரியாத பிள்ளைகளுக்குப் படிக்கும் கருவி செய்கிற சின்னப் பட்டறை ஒன்று உரக்கவை எடுத்திருக்கிறது, இந்த நிபந்தனைக்குப் பயந்து விட்டுவிடுவார்கள் என்கிறாள்.

உரிமத்தை மாற்ற, கொடுத்தவர் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். அம்மாவுக்குப் பதில் நீதான். காகிதம் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு.

உரக்க நன்றாகத்தானே படிக்கிறது? பிறகு நீ ஏன் படிக்கக் கற்றுக்கொண்டாய்?

அடுத்த மழைக்கு முன் ஆள் வைத்துக் கூரை ஓட்டைப் பார். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
ரெஜி


சதுரங்கப்பட்டினம்
9 பிப்ரவரி 2025

அன்பு ரெஜிக்கு,

நைனா சுகம். முழங்காலும் சுகம். உன் கடிதம் வந்த நாள் வகுப்பில் திருவிழாதான். டீச்சர் என்னையே சத்தமாகப் படிக்கச் சொன்னார். 'என்ன எழுப்பிகினு' என்ற இடம் வந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். "அக்கா அப்டியேதான் பேசும்" என்று ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நீ எழுதிய உரிமம் எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன், தப்பாக இருந்தால் திருத்து. உங்க அம்மா மீன் குழம்பு வைத்தால் பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் போகும். சிலர் கிண்ணத்தைக் கழுவித் திருப்பித் தருவார்கள். சிலர் வெறும் கிண்ணமாகத் தரக்கூடாது என்று கொஞ்சம் கருவாடோ வாழைப்பழமோ வைத்துத் தருவார்கள். நீ முதலில் போட்டது, வெறும் கிண்ணம் வந்தாலும் சரி என்கிற உரிமம். இப்போது கேட்பது, வெறும் கிண்ணமாக வரக்கூடாது என்கிற உரிமம். ஆனால் எதுவானாலும் கிண்ணத்தில் வெட்டின பேரைத் தேய்க்கக் கூடாது. அந்தக் கம்பெனிக்காரன் தேய்த்துவிட்டான். இவ்வளவு புரிகிறது. நீ சொல்வது சரியா ஷபானா சொல்வது சரியா என்றால் தெரியவில்லை. உங்க அம்மா வெறும் கிண்ணம் கொடுத்தவர்களை இரண்டு நாள் திட்டுவாள். மூன்றாம் நாள் அவர்களுக்கும் குழம்பு போகும்.

காகிதத்தை பைபிளில் வைத்திருக்கிறேன். என் கையெழுத்து இன்னும் திருந்தவில்லை. சர்க்கார் காகிதம் மாதிரி இருக்கிறதில் கோணலாகப் போட்டால் உனக்குத்தான் அவமானம். கொஞ்சம் பொறு.

டீச்சர் எங்களை வேடந்தாங்கலுக்கு அழைத்துப் போனார். பறவை பார்க்க இல்லை, போர்டு படிக்க. எல்லோரும் தண்ணீர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, நாங்கள் போர்டுக்கு முன்னால் நின்று கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை என்று கத்திக்கொண்டிருந்தோம். காமிரா வைத்திருந்த ஒருவர், "சத்தம் போட்டா பறந்துரும்மா" என்றார். "போர்டு பறக்காது சார்" என்றாள் நம் வகுப்புக்காரி.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் பஸ் ஏறி மாமல்லபுரம் பக்கம் போய் வருகிறேன். காற்று நன்றாக இருக்கிறது. என்னோடு டவுன்ஷிப்பில் புல் வெட்டின செல்வராஜ், அங்கே ஒரு ரிசார்ட்டில் வாட்ச்மேன். அவனோடு பேசிவிட்டு வருவேன்.

வெந்நீரில் குளி. தலையை ஈரத்தோடு விடாதே.

நைனா


உத்ரெக்த்
2 மார்ச் 2025

அன்பு நைனாவுக்கு,

நலம். உன் நலமும் அப்படியே இருக்கட்டும்.

இந்த வாரம் நிறைய எழுத முடியவில்லை. ஆபீஸ் வேலை ஒரு பக்கம், இந்தச் சண்டை ஒரு பக்கம். ஷபானா நேற்று என்னிடம் குழுவில் எல்லோர் முன்னாலும், "இது உரிமத்துக்கான கோபமா, அம்மாவுக்கான கோபமா?" என்று கேட்டாள். இன்னும் அவளோடு பேசவில்லை.

மற்றவர்கள் எல்லோரும் பதில் அனுப்பிவிட்டார்கள். மிச்சம் அம்மா மட்டும். அம்மா பேரில் சம்மதம் வராவிட்டால், புதிய உரக்கவிலிருந்து அவள் குரலை எடுத்துவிட்டு வேறொருத்தியைப் படிக்க வைக்க வேண்டும். அப்புறம் இதெல்லாம் எதற்காக? ஒரு கையெழுத்துதானே நைனா. கோணலாக இருந்தால் என்ன?

கம்பெனிக்கு மூன்று முறை எழுதிவிட்டேன், பதிலே இல்லை. பேரை எடுத்ததற்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பப் போகிறேன்.

இங்கே ஐந்து மணிக்கெல்லாம் கடை மூடிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு தெருவில் ஒரு சத்தமும் இருக்காது.

மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு.

ரெஜி


செங்கல்பட்டு
16 மார்ச் 2025

ரெஜினா,

நலமா என்று கேட்டால் நீ பதில் சொல்லப்போவதில்லை. இருந்தாலும் கேட்கிறேன். நோட்டீஸ் அனுப்பவில்லையென்றால் இந்த மெயிலை முழுக்கப் படித்துவிட்டு முடிவு செய்.

இன்று உன் அப்பாவைப் பார்க்கப் போனேன். கையெழுத்துப் போடச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. இரண்டு பக்கத்தையும் நேரில் விளக்கலாம் என்று. வீடு பூட்டியிருந்தது. "ஞாயித்துக்கெழம அவுரு எங்க வூட்ல கீறாரு, மாமல்லபுரம் போயிருப்பாரு" என்றார்கள். செல்வராஜ் வேலை செய்யும் ரிசார்ட் பேரையும் சொன்னார்கள். போனேன். கார் நிறுத்துமிடம் விட்டு வெளியே வரும் வழியில், தடுப்புக் கம்பிக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் பேசுவதற்குள் ஒரு கார் வந்தது. கம்பத்திலிருந்த பெட்டி நம்பரைப் படித்தது. "டி.என். பத்தொன்பது" என்று தொடங்கி முழு நம்பரும். உன் அம்மா குரல். கம்பி உயர்ந்தது. அதற்கப்புறம் அந்தப் பெட்டி சொன்னது: "பாத்து மெதுவா போங்க."

அப்பா தலையாட்டினார்.

செல்வராஜ் என்னிடம், "வாராவாரம் இதே கதைம்மா. எனக்கு லீவு கீது, இவருக்கு லீவே கிடையாது" என்றார். பிறகு அப்பாவிடம், "யோவ் அண்ணாத்த, உனுக்கு காரே கிடையாது. அது இன்னா உனுக்கா சொல்லுது?" என்றார்.

"எனுக்கு சொல்லலன்னு உனுக்கு எப்டி தெரியும்?" என்றார் அப்பா.

நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். போனில் அம்மா குரல்தான் எந்நேரமும் இருக்கிறதே, இதற்கு ஏன் பஸ் ஏறி வர வேண்டும் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"போன்ல கீறது படிக்குதும்மா. படிச்சிட்டு நின்னுடுது. ரேஷன் கடை போர்டுக்கு நேரா காட்டுனா, 'இன்று விடுமுறை'ங்குது. அவ்ளோதான், கம்முனு ஆயிடுது. பாப்பா அப்டி நிறுத்த மாட்டா. 'இன்று விடுமுறை. நேத்தே போன்னு சொன்னேன், கேட்டியா? வா, டீயாவது குடிச்சிட்டுப் போவலாம்'பா. இது விடுமுறைன்ட்டு வுட்டுடுது. அதுக்கப்புறம் நான் கடை வாசல்ல தனியா நின்னுகினு கீறேன். பேஜாரா பூடுச்சு. அதான் நானே படிக்கக் கத்துகினேன். நான் படிச்சா, நின்னா, அது நான் நிறுத்துனது."

பிறகு தடுப்புக் கம்பியைக் காட்டி, "இந்த கேட்டு மட்டுந்தான் படிச்சிட்டு ஒரு வார்த்த சேத்து சொல்லுது" என்றார்.

கையெழுத்துப் போட்டால் இது நின்றுவிடுமா என்று கேட்டார். உரிமத்தை மாற்றினால் நிற்காது, முன்பு எடுத்தது எடுத்ததுதான் என்றேன். ஆனால் பேரைத் தேய்த்ததற்கு நோட்டீஸ் போனால் நின்றாலும் நிற்கும் என்றேன். அடுத்த கார் வரும் வரை ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டார். நான் செய்யவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், கசந்தாலும். அந்த 'பாத்து மெதுவா போங்க' கம்பெனி சேர்த்தது. நீ கேட்கிற உரிமம் முதலிலேயே இருந்திருந்தால், அந்த வேலையை அவர்கள் நமக்கும் திறந்து கொடுத்திருக்க வேண்டும். உன் அப்பாவின் போனும் இன்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கும்.

பதில் போடு. திட்டியாவது போடு.

ஷபானா


சதுரங்கப்பட்டினம்
30 மார்ச் 2025

அன்பு ரெஜிக்கு,

நைனா சுகம். உன் சுகத்துக்கு தினமும் ஜெபம் செய்கிறேன்.

வகுப்பில் இப்போது பேப்பர் படிக்கிறோம். எனக்குப் பெரிய எழுத்துத் தலைப்பு போதும், மற்றவர்கள் உள்ளே போய்ப் படிக்கிறார்கள். நேற்று பஸ் நம்பரைப் பார்க்காமல் ஊர்ப் பேரைப் படித்தே ஏறினேன். மதுராந்தகம் போகிற ஒரு கிழவர் தப்பான வண்டியில் ஏற இருந்தார். "அது செங்கல்பட்டு போவுது, ஏறாதீங்க" என்றேன். "படிச்சவரா?" என்று கேட்டார். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு ஆமாம் என்றேன்.

கோட்டையில் புல் வெட்டினார்கள், கூட மாட உதவி செய்தேன். உள்ளே உன் ஊர் டச்சுக்காரர்கள் கல்லறை இருக்கிறதே, அந்தக் கல் முழுக்க எழுத்து. அது ஒன்றும் புரியவில்லை. ஆனால் படிக்கத் தெரியாமல் பார்ப்பதும், படிக்கத் தெரிந்து புரியாமல் பார்ப்பதும் வேறு வேறாக இருக்கிறது. அந்த ஆட்களுக்கு இங்கே யாரும் இல்லை. நீ அங்கே இருக்கிற மாதிரி.

மாமல்லபுரம் போவதை நிறுத்திவிட்டேன். வெயில் ஏறிவிட்டது. செல்வராஜ் வருத்தப்பட்டான். அவன் என்ன செய்வான்.

ஷபானா உனக்கு ஏதாவது எழுதியிருந்தால் பெரிதாக நினைக்காதே. சின்னப் பெண், பார்த்ததைப் பெருக்கிச் சொல்வாள். என்னை நினைத்து எதையும் நிறுத்தாதே. உன் வேலையில் நீ உறுதியாக இரு. காகிதம் பைபிளில் பத்திரமாக இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு.

நைனா


உத்ரெக்த்
13 ஏப்ரல் 2025

அன்பு நைனாவுக்கு,

நான் நலம் என்று எழுத வரவில்லை. நீ நலமா?

வெயில் ஏறிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரியும் நைனா. ஷபானாவின் மெயில் வந்தது ஞாயிறு. நோட்டீஸ் அனுப்பியது அதற்கு முந்தின வெள்ளி. திங்கட்கிழமை கம்பெனி பதில் போட்டுவிட்டது. இத்தனை மாதம் காது கேட்காதவர்கள் ஒரே நாளில் குரலை எடுத்துவிட்டார்கள். நான் கேட்டது பேரைப் போடுங்கள் என்றுதான். பேரைப் போடுவதைவிடக் குரலை மாற்றுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

செல்வராஜ் மாமாவிடம் பேசினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் நீ வந்தாய் என்றார். கார் வந்தபோது வேறொரு பெண் குரல் நம்பரைப் படித்தது. நீ எழுந்து, நாற்காலியைத் தூக்கி, அவர் கூண்டுக்குள் வைத்துவிட்டு, "பஸ் வந்துடும்" என்று கிளம்பினாய் என்றார்.

ஷபானாவோடு பேசிவிட்டேன். ரொம்ப நேரம். முதலில் இரண்டு பேரும் கத்தினோம். கடைசியில் ஒன்று முடிவு செய்திருக்கிறோம், குழுவும் ஒப்புக்கொண்டது. சாஃப்ட்வேருக்கு நான் கேட்ட உரிமம். இனி எடுப்பவர் வெறும் கிண்ணமாகத் திருப்ப முடியாது. அந்தக் கண் தெரியாத பிள்ளைகளின் பட்டறையோடு ஷபானாவே உட்கார்ந்து பேசி, அவர்களையும் சம்மதிக்க வைத்துவிட்டாள். அம்மாவின் குரலுக்கு மட்டும் அம்மா தூக்கத்தில் சொன்ன பழைய உரிமம். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பேரைத் தேய்க்கக் கூடாது. நீ சரி என்றால் மட்டும்.

இன்னொன்று. படித்துவிட்டு நின்றுவிடுகிறது என்று சொன்னாயாமே. அம்மா நிறுத்தவே இல்லை நைனா. நிறுத்தினது நான். பதிவு செய்தபோது ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் அவள் ஏதாவது பேசினாள். இயந்திரத்துக்கு வாக்கியம் மட்டும் சுத்தமாக வேண்டும். அதனால் அவள் பேச்சையெல்லாம் வெட்டி எடுத்தேன். வெட்டியதை எறியவில்லை. இங்கே வைத்திருக்கிறேன். இந்த வருடங்களில் நான் ஒருமுறைகூடத் திறக்கவில்லை. எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை.

ஷபானா கொண்டுவந்து உன் போனில் போட்டுத் தருவாள். அதற்கு எந்த உரிமமும் கிடையாது. யாருக்கும் கொடுக்கவில்லை. உனக்கு.

ரெஜி


சதுரங்கப்பட்டினம்
4 மே 2025

ரெஜி,

சுகம். ஷபானா வந்தாள். போட்டுக் கொடுத்தாள். பிரியாணி கொண்டு வந்திருந்தாள், சாப்பிட்டேன்.

கேட்டேன். இன்றைக்கு எழுத வரவில்லை.

நைனா


சதுரங்கப்பட்டினம்
25 மே 2025

அன்பு மகள் ரெஜினாவுக்கு,

நைனா நல்ல சுகம். நீ ஒழுங்காகத் தூங்குகிறாயா? போன கடிதம் ஒரு கை அளவுதான் இருந்தது என்று கோபப்படாதே. அன்று எழுத்து கோட்டில் நிற்க மறுத்தது. இன்று பார், கோட்டிலேயே நிற்கிறது.

நீ இன்னும் திறந்து கேட்கவில்லை என்றாயே, உனக்காகக் கொஞ்சம் எழுதுகிறேன். அப்புறம் நீயே கேட்பாய்.

நீ கொடுத்த வாக்கியம், 'கடல் அமைதியாக இருக்கிறது.' உங்க அம்மா படித்துவிட்டுச் சொல்கிறாள்: "எங்க கீது? எழுதுனவன இங்க வந்து பாக்கச் சொல்லு."

'மருத்துவர் உடனே வந்தார்.' "எந்த ஊர்ல?"

'அவர் தினமும் பழம் சாப்பிடுகிறார்.' "வச்சிகினு கீறாரு, சாப்புடறாரு. அடுத்தது சொல்லு."

சிரித்து சிரித்து எனக்குப் புரை ஏறிவிட்டது. செல்வராஜ் லீவு நாளில் வந்து கேட்டான். "அக்கா இன்னா இப்டி வாயாடுது! அந்த கேட்டுல எவ்ளோ மரியாதையா பேசிகினு இருந்துச்சு" என்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. 'பாத்து மெதுவா போங்க' என்று அவள் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. 'பாத்து போ' என்பாள். நான் அங்கே யாரையோ கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருந்தாலும் அந்த நாற்காலி நல்ல நாற்காலி.

நடுவில் ஒரு இடத்தில் செருப்புச் சத்தம் கேட்கிறது. ஒரு ஆம்பிளைக் குரல் தூரத்திலிருந்து, "பாப்பா, இன்னா பண்ணிகினு கீற?" என்கிறது. யார் இது நம் வீட்டுக்குள் என்று பார்த்தால் நான்தான். அவள் சொல்கிறாள்: "உனக்குத்தான் படிச்சிகினு கீறேன். செருப்ப வெளிய வுட்டுட்டு வா."

அதை எத்தனை தடவை கேட்டேன் என்று எழுதமாட்டேன். மிச்சத்தை முழுக்கக் கேட்டு முடிக்கவில்லை. கொஞ்சம் வைத்திருக்கிறேன். முடிந்துவிட்டால் அப்புறம் புதிதாக அவள் எதுவும் சொல்ல மாட்டாள் இல்லையா?

காகிதத்தை பைபிளிலிருந்து எடுத்தேன். நீ அச்சடித்த வரிக்குக் கீழே நானே எழுதினேன். 'பாப்பா கொடுத்த குரல் அவள் கொடுத்தபடியே எல்லோருக்கும் இருக்கட்டும். அவள் பேரைத் தேய்க்க வேண்டாம். சம்மதம்.' கீழே என் பேர். பெரிய எழுத்தாக, ஒன்றோடொன்று ஒட்டாமல், டீச்சர் சொன்ன மாதிரி. அனுப்புவதற்கு முன் ஒரு யோசனை வந்தது. போனை எடுத்து உரக்கவைத் திறந்து என் எழுத்துக்கு நேராகப் பிடித்தேன். கொஞ்ச நேரம் யோசித்தது. எழுத்து எதுவும் தெரியவில்லை என்று சொல்லப்போகிறது என்று நினைத்தேன்.

படித்தது ரெஜி. என் எழுத்தை உங்க அம்மா படித்தாள். 'தேய்க்க' என்ற இடத்தில் மட்டும் தடுமாறினாள், அது என் தப்பு, திருத்திவிட்டேன். கடைசியில் "சம்மதம்" என்றாள். நின்றுவிட்டாள்.

வழக்கம்போல வீடு அமைதியாகிவிட்டது. அப்புறம் மீதியை நானே சொன்னேன். "அதுக்குப் போயி என்ன எழுப்பிகினு" என்றேன். அவளை மாதிரியே இழுத்துச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "யாராண்ட பேசிகினு கீற அண்ணாத்த?" என்று கேட்டாள். வாசிக்கிறேன் என்று சொன்னேன்.

காகிதம் இதோடு இருக்கிறது. மடிப்பில் கிழியாமல் பிரி.

சாயங்காலம் கடை மூடியதும் தெருவில் சத்தமே இல்லை என்று முன்பு எழுதியிருந்தாய். அந்த நேரத்தில் இதைச் சத்தமாகப் படி. படித்து முடித்ததும் நிறுத்தாதே, ஏதாவது சொல். இங்கே தாள் தீர்ந்துவிட்டது, நாளை வாங்க வேண்டும். அடுத்த வாரம் மறுபடி எழுதுகிறேன்.

நைனா
சின்னராசு